ரெண்டு கார்டும் ஒரு ஏசி ரூமும்

9 மார்ச் 2008, ஞாயிறு

குப்புராஜ் வந்தான். மருமகள் மஹாலட்சுமியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை என்றால் சரியாகக் குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு முடிச்சூரிலிருந்து சிட்லபாக்கம் வந்து நிற்பான். அந்த வாசனை அவ்வளவு தூரம் எப்படித்தான் போகிறதோ. இன்றைக்கு வஞ்சிரம். நடுத்துண்டெல்லாம் அவன் தட்டுக்குப் போனது. என் பிள்ளை ஜெயவேலுவுக்கு வால்.

சாப்பிட்டுக்கொண்டே பேச்சு. பேரன் விக்கிக்கு கேம் விளையாடப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள். காலேஜிலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம், அதற்குப் பரிசு. வேலைக்குப் போகப்போகிறவனுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தருகிற குடும்பம் இது ஒன்றாகத்தான் இருக்கும். தொலையட்டும், வாங்கட்டும்.

அதற்குள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டாம். திரையில் படம் ஓடுவது அதனால்தானாம். எல்லாரும் ஒன்று போடுவார்கள். விக்கிக்கு ரெண்டு போடவேண்டும் என்கிறான் குப்புராஜ்.

"ஒண்ணு போட்டா திணறும் மாமா. ரெண்டு போட்டா ஜோடி மாடு கட்டின மாதிரி இழுத்துகினு போவும்."

மாட்டைப் பால் பாக்கெட்டின் மேல் படமாகப் பார்த்ததோடு சரி அவன்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. ரெண்டு கார்டு என்றால் சூடு தாங்காதாம், ஏசி வேண்டுமாம். இந்த வீட்டில் ஏசி இருப்பது ஒரே ரூமில். அது என் ரூம். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த கடைசி வருஷம், அவருடைய ரயில்வே பணத்தில் மாட்டியது. அந்த ரூமுக்குள்ளேயே நாற்காலி மாதிரி உட்காருகிற வெஸ்டர்ன் கக்கூஸும் அவருக்காகக் கட்டியதுதான்.

"அத்தைக்கு இன்னா, ஹால்ல நல்லா காத்து வருது. ஒரு திவான் போட்டா ராணி மாதிரி படுத்துக்குவாங்க" என்றான் என்னைப் பார்த்து. வாய் நிறைய மீன்.

மோர் கேட்டான். தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

10 மார்ச்

ராணியாம்.

14 மார்ச், வெள்ளி

மஹாலட்சுமி வெற்றிலை பாக்கு எடுத்துவைக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, உங்க ரூம் அக்னி மூலையாம். கரண்ட் சாமானெல்லாம் அங்கதான் வைக்கணுமாம். வயசானவங்க படுக்கக்கூடாதாம்."

யார் சொன்னது என்றேன். வாஸ்து புஸ்தகத்தில் இருக்கிறதாம். இதே மஹாலட்சுமிதான், அவர் போன பிறகு நான் ஹாலுக்கு வருகிறேன் என்று சொன்னபோது, "வேணாம் அத்தை, அந்த மூலை பொம்பளைங்களுக்கு ரொம்ப நல்லது" என்று சொன்னாள். பச்சைப் புள்ளி போட்ட நைட்டி போட்டுக்கொண்டிருந்தாள், கையில் பூண்டு. அப்போது அவள் பிள்ளைக்குப் பரீட்சை, ஹாலில் டிவி ஓடக்கூடாது, நான் ஹாலில் இருந்தால் டிவி பார்ப்பேன் என்று பயம். மூலை எனக்குத் தகுந்த மாதிரியா மாறுகிறது? இவளுக்குத் தகுந்த மாதிரி மாறுகிறது.

இதை அவளிடம் சொன்னேன். வெற்றிலைத் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

16 மார்ச், ஞாயிறு

குப்புராஜ் வரவில்லை. வீட்டில் கறி மிச்சம்.

ஜைத் வந்தான். விக்கியோடு படிக்கிற பையன், வீடு கிழக்குத் தாம்பரம். அவன் அம்மா நஃபீசா ரம்ஜானுக்கு அனுப்புகிற பிரியாணியில் ஒரு குறை கண்டுபிடிக்க வருஷா வருஷம் பார்க்கிறேன், முடியவில்லை. அதனால் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

விக்கி முன்னாலேயே கேட்டேன். "ஜைத்து, நீ சொல்லு. கார்டு ஒண்ணா, ரெண்டா?"

"உங்களுக்கு எப்படி பாட்டி இதெல்லாம்!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"இவன் மானிட்டர் சின்னது பாட்டி. இதுக்கு ஒரு கார்டே ஜாஸ்தி. நிறைய கேமுக்கு ரெண்டாவது கார்டு இருக்கறதே தெரியாது. அது சும்மா கரண்ட்டைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கும்."

"குப்புராஜ் மாதிரி?"

ஜைத் டீயைத் துப்பிவிட்டான். விக்கி மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிற பிள்ளைதான் அவன். இன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னவோ இருக்கிறது.

21 மார்ச், வெள்ளி

ஆபீஸ் லீவு. எல்லாரும் ஹாலில். குப்புராஜும் வந்து சேர்ந்தான். நான் எழுந்து நின்று சொன்னேன். மானிட்டர் சின்னது, ஒன்று போதும், ரெண்டாவது தண்டத்துக்கு உட்கார்ந்திருக்கும், ஒன்று என்றால் விக்கி தன் ரூமிலேயே வைத்துக்கொள்ளலாம்.

குப்புராஜ் எனக்குப் பாடம் நடத்தினான். "அத்தை, இது ஹார்டுவேர் மேட்டரு. உங்களுக்குப் புரியாது. மானிட்டரையும் பெருசா மாத்திட்டா முடிஞ்சிது."

"பெரிய மானிட்டருக்குப் பெரிய மேஜை வேணும், மேஜைக்குப் பெரிய ரூம் வேணும். கடைசியில என்னை எங்கடா வைப்பீங்க, கேட்டுக்கு வெளியிலயா?"

எனக்குப் புரியாதாம். நான் அஞ்சாவது வரைக்கும்தான். அதை ஒழுங்காகப் பாஸ் செய்தவள். இவன் பி.காம். முடித்துவிட்டான் என்று இவன் அம்மா காந்தா தெருவெல்லாம் லட்டு கொடுத்தாள். அத்தனை பேப்பரிலும் அரியர் இருந்தது என்று பின்னாடிதான் தெரிந்தது. அந்த லட்டில் முந்திரிகூட இல்லை.

ஜெயவேலுவைப் பார்த்தேன். என் வயிற்றில் பிறந்தவன், ஒரு வார்த்தை சொல்லுவான் என்று. "அம்மா, டெக்னிக்கல் விஷயம், விடேன்… பார்க்கலாம்" என்றான். இவன் எதைத்தான் பார்த்தான்? கல்யாணத்தன்று ரெண்டு சட்டையில் எதைப் போடுவது என்று முடிவு செய்ய முடியாமல் முகூர்த்த நேரம் வரை பனியனோடு நின்றவன். கடைசியில் அவன் அப்பாதான் ஒன்றைத் தலையில் மாட்டிவிட்டார். இப்போது அவரும் இல்லை.

22 மார்ச்

ரெண்டு கார்டுக்குச் சொல்லியாகிவிட்டதாம். மானிட்டர் அப்புறமாம்.

30 மார்ச், ஞாயிறு

மத்தியானம் கரண்ட் போனது. விக்கிக்குப் போக்கிடம் இல்லை. மாடியில் அவன் ரூம் தகரக் கூரை, அடுப்பு மாதிரி கொதிக்கும். கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். விசிறியை அவன் கையில் கொடுத்து எனக்கு வீசச் சொன்னேன்.

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுடா. ஒண்ணா, ரெண்டா?"

கொஞ்ச நேரம் வீசினான். "ஒண்ணு போதும் பாட்டி."

"அப்புறம் எதுக்கு ரெண்டு, ரெண்டுன்னு தலைய ஆட்டின?"

"பாட்டி கேட்டா ரெண்டுன்னு சொல்லுன்னு அம்மா சொன்னாங்க. மாமாதான் அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தாரு. அம்மாவைத் திட்டாதீங்க பாட்டி. அழறாங்க."

காந்தாவுக்கு முட்டி ஆபரேஷனாம். ரெண்டு காலும். முடிந்து வந்தால் கீழே உட்காரக்கூடாது, படியேறக்கூடாது, வெஸ்டர்ன் கக்கூஸ் வேண்டும். குப்புராஜ் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. லிஃப்ட் இருந்தாலும் அவன் பெண்டாட்டி மாமியாரை வைத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். தரை வீடு ஒன்று வாடகைக்குப் பிடிக்க அவனுக்குத் துப்பில்லை. அம்மாவை அக்கா தலையில் கட்டவேண்டும். ஆனால் பிள்ளை குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அம்மாக்காரி போய்ப் படுத்தால் ஊர் யாரைத் துப்பும்? அவனைத்தானே. அதனால் வாயைத் திறந்து கேட்கக்கூடாது. கம்ப்யூட்டரை உள்ளே விடவேண்டும். சூடு, சத்தம் என்று கிழவி தானாக ஹாலுக்குப் போவாள். கட்டில் காலியாகக் கிடக்கும். அப்புறம் ஒரு நாள், "சும்மாதானே கிடக்குது, அம்மா ரெண்டு நாள் படுத்துக்கட்டும்." அவ்வளவுதான். யாரும் யாரையும் எதுவும் கேட்டதாக இருக்காது.

என்னை ரூமை விட்டுத் தள்ள ஒரு கார்டு போதாதா? ரெண்டு வேண்டியிருந்ததா?

நேரே வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்க மாட்டேன். அது வேறு. ஆனால் கேட்டிருக்கவேண்டும்.

6 ஏப்ரல், ஞாயிறு

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். "குப்புராஜ், நல்லா யோசிச்சேன்பா. நீ சொன்னதுதான் சரி. ரெண்டாவே போடு. என் ரூம்லயே வை."

மஹாலட்சுமி கையில் கரண்டி அப்படியே நின்றது. ஜெயவேலு, "பாத்தியா, அம்மாவே ஒத்துக்கிட்டாங்க" என்று சோற்றைப் பிசைந்தான்.

"அத்தைன்னா அத்தைதான்" என்றான் குப்புராஜ். "திவான் நாளைக்கே இறக்கிடறேன்."

"திவான் எதுக்கு? நான் எங்கயும் போகல. என் கட்டில் அது பாட்டுக்கு இருக்கட்டும், கால்மாட்டுல மேஜையைப் போட்டுக்கோ. பேரன் விளையாடறதை நானும் படுத்துக்கிட்டே பார்ப்பேன்."

"சூடு அத்தை! சத்தம் வேற…"

"ஏசி இருக்கே. அதுக்குத்தானே ஏசி ரூம் கேட்ட?"

கூடாது என்று அவன் எப்படிச் சொல்லுவான்? அக்காவைப் பார்த்தான், அக்கா குழம்பைப் பார்த்தாள். விக்கிக்குப் புரை ஏறியது.

எவ்வளவு நாளாயிற்று இப்படி வயிறாரச் சாப்பிட்டு.

10 ஏப்ரல், வியாழன்

மிஷின் வந்துவிட்டது. இரும்புப் பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே நீல வெளிச்சம். பிணத்துக்கு வைக்கிற ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது. கார்டு ரெண்டும் செங்கல் செங்கலாக ஒன்றுக்கு மேல் ஒன்று படுத்திருக்கின்றன, நடுவில் நாக்கு மாதிரி ஒரு துண்டு ரெண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மஹாலட்சுமி சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினாள். ஒற்றிக்கொண்டேன். சூடம் என்ன பாவம் செய்தது.

போட்டதும் மாவு மில் ஓடுகிற சத்தம். காத்து நேரே என் காலில். வெந்நீர் ஊற்றுகிற மாதிரி. நான் நகரவில்லை.

12 ஏப்ரல்

ஏசியும் மிஷினும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போகிறது. மிஷினையும் ஏசியின் லைனிலேயே சொருகி வைத்திருக்கிறான் அந்த ஹார்டுவேர்க்காரன். போன் போட்டால், "சாயங்காலம் வோல்டேஜ் கம்மி அக்கா, ஏதாச்சும் ஒண்ணை நிறுத்திட்டு இன்னொண்ணைப் போடுங்க" என்கிறானாம். ஏசி இல்லாமல் ஓடாது என்றுதானே என் ரூமுக்கு வந்தது! விக்கி விளையாடினால் ஏசி கிடையாது. ஏசி போட்டால் விளையாட்டு கிடையாது. விக்கி, "நீங்க ஏசி போட்டுக்கோங்க பாட்டி" என்றான். வேண்டாம், நீ விளையாடு என்றேன். வியர்வையில் ஜாக்கெட் நனைந்து படுத்திருந்தேன். அவன் யார் யாரையோ சுட்டான். சுட வேண்டிய ஆள் முடிச்சூரில் இருக்கிறான்.

14 ஏப்ரல், திங்கள்

வருஷப் பிறப்பு இனிமேல் தை மாசம் என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த வீட்டில் மாங்காய்ப் பச்சடி இன்றைக்குத்தான்.

மஹாலட்சுமி பச்சடி கிண்டும்போது வாசலில் ஆட்டோ. குப்புராஜ் தன் அம்மாவை இறக்கினான். ஆபரேஷன் முடிந்த காலோடு, நாலு கால் வைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு காந்தா வந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. "ரெண்டு நாள்தான் அக்கா" என்று பையை ஹாலில் வைத்தான். என் ரூம் கதவை எட்டிப் பார்த்தான். நான் கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். நின்றபடியே பச்சடியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டான்.

"நல்லா இருக்கீங்களா சம்பந்தி" என்றாள் காந்தா.

"இருக்கேன்" என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பல்லாவரம் மண்டபத்தில், பந்தி நடுவில் நின்று, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாழைப்பழத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போறாங்க, பாத்துப் பரிமாறுங்க" என்றவள் இவள். அரக்கு பார்டர் வைத்த மாம்பழக் கலர் பட்டு. மூக்குத்தி புதுசு. நான் எடுத்தது ஒரே பழம், அதுவும் அவர் மாத்திரை போட்டுக்கொள்வதற்கு.

17 ஏப்ரல், வியாழன்

குப்புராஜ் போனை எடுப்பதில்லை.

ஹாலில் காந்தா. பின்பக்கத்துக் கக்கூஸில் அவளால் உட்கார முடியாது. என் ரூமில் இருப்பதை யாரும் கேட்கவில்லை, நானும் வா என்று சொல்லவில்லை. மஹாலட்சுமி நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். ஜன்னல் கம்பியிலிருந்து டிவி ஸ்டாண்டு வரைக்கும் கயிறு கட்டிப் பழைய புடவையை மறைப்பாகத் தொங்கவிட்டு, அதற்கு உள்ளே. ஃபேன் போட்டால் புடவை பறக்கிறது. அதனால் ஃபேனை நிறுத்துகிறார்கள். இன்று காலையில் கேஸ்காரன் சிலிண்டரோடு உள்ளே வந்துவிட்டான். புடவைக்குப் பின்னாலிருந்து, "இருப்பா, இருப்பா, வராத" என்று ஒரு குரல். காந்தாவின் குரல்தானா அது? மண்டபத்தையே அதட்டின குரல்.

நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். என்ன வீடு இது. சீ.

இது நான் செய்தது இல்லை. அவள் பெற்றவன் செய்தது. அவன் செய்ததுதான். எனக்கென்ன வந்தது? என் ரூம். என் கட்டில். அவர் பணம்.

சாப்பாடு இறங்கவில்லை. உப்பு ஜாஸ்தி.

20 ஏப்ரல், ஞாயிறு

குப்புராஜ் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வராமல் இருக்கக் காரணம் என்னவாக இருக்கவேண்டும் பார்.

விக்கி என் ரூமில் மிஷினைக் கழற்றினான். குங்குமம் வைத்த கண்ணாடியைத் திறந்து, ரெண்டு கார்டில் ஒன்றை உருவிக் கையில் எடுத்தான். என்னடா என்றேன்.

"ஒண்ணோட ஓட்டிப் பாத்தேன் பாட்டி. எந்த வித்தியாசமும் இல்ல. இந்தக் கார்டை ஜைத் எடுத்துக்கறேன்னு சொன்னான். ஒண்ணுன்னா இவ்ளோ சூடு வராது. நான் மாடிக்கே எடுத்துட்டுப் போறேன். டேபிள் ஃபேன் வச்சுக்கறேன்."

"உங்கம்மா சொன்னாளா?"

"இல்ல. அம்மாவுக்கே தெரியாது. மறுபடி ரெண்டு போடச் சொன்னாலும் மாட்டேன் பாட்டி."

இந்தக் குடும்பத்தில் ஒருத்தனுக்காவது ஒரு முடிவு எடுக்க வந்ததே. அவன் அப்பன் வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

மேஜையும் போனது. அது நின்ற இடத்தில் தூசி. நான்தான் பெருக்கினேன்.

22 ஏப்ரல், செவ்வாய்

மஹாலட்சுமி கதவருகில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு.

"அத்தை… எங்கம்மாவை…"

"ம்."

"உங்களுக்கு சிரமம் இல்லன்னா…"

"எனக்கு சிரமம்தான். கேக்கறதை முழுசா கேளு."

அழுதாள். பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "எங்கம்மாவை உங்க ரூம்ல வச்சுக்கலாமா அத்தை? அந்தக் கக்கூஸ் இல்லாம அவங்களால முடியல. குப்பு இனிமே கூட்டிட்டுப் போக மாட்டான். அம்மாவுக்கும் அது தெரியும்."

இத்தனை வருஷத்தில் இவள் என்னை ஒரு விஷயம் நேரே கேட்டது இதுதான் முதல் தடவை. இதைக் கேட்கச் சூடம் காட்டி ஒரு மிஷினை உள்ளே அனுப்பினாள்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மேஜை இருந்த இடம் கண்ணில் பட்டது.

"அங்க ஒரு கட்டில் போடு. எதிர்லயே இருக்கட்டும். உன் தம்பி வந்தா அவன் அம்மாவைப் பாக்கட்டும், கால் பிடிச்சு விடட்டும், தண்ணி குடிக்கட்டும். இந்த வீட்டுல அவனுக்குச் சோறு கிடையாது. சம்மதம்னா சொல்லு."

"சரி அத்தை."

"என்கிட்ட மட்டும் சொல்லாத. அவன்கிட்ட சொல்லு."

ஹாலுக்குப் போய் அப்போதே போன் போட்டாள். ஏழெட்டுத் தடவை அடித்து எடுத்தான் போல. அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். பரவாயில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு வந்தது. வரவில்லை. புழுக்கம்.

காந்தா என் எதிர்க் கட்டிலில். கக்கூஸுக்குத் தானாகவே கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறாள், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். ஒரு முறை போனால் வெளியில் வருவதில்லை. குறட்டை வேறு. மாடியிலிருந்து விக்கி சுடுகிற சத்தம் கொஞ்சம் கேட்கிறது. ஒரு கார்டுக்கே இத்தனை சத்தம்.

சாயங்காலம் காந்தா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "சம்பந்தி, ரொம்பக் குளிருது. ஏசியைக் கொஞ்சம் குறைக்கறீங்களா?"

எழுந்து போய் அலமாரியைத் திறந்து கம்பளியை எடுத்து அவள் கால் வரைக்கும் போர்த்திவிட்டேன். ஏசியைக் குறைக்கவில்லை.